ஜூலை எட்டு வரை கெடாது

சத்தியமாகச் சொல்கிறேன், உரக்கவே சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழுந்தாலும் விழட்டும்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வலது முழங்கால் மேல் ஆணை. இடது முழங்கால் மேல் ஆணையிட மாட்டேன். அது ஆஸ்பத்திரியில் பொருத்திய உலோகம், அதன் மேல் செய்த சத்தியம் செல்லுமா என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் ஒரு கிழவர் தனியாக சைக்கிள் மிதித்துப் போகும்போது அவர் மண்டைக்குள் என்ன ஓடியது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். தெரியும், அவ்வளவுதான், மேலே கேட்காதீர்கள். ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணி. இடம் பிரான்சின் நடுவில் மோர்வான் என்று காடும் மேடுமாய்க் கிடக்கிற சீமை. ஆள் எதுவார் தைரியநாதன், எழுபத்து மூன்று வயது, புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் சமைத்து, பிறகு பாரிசுக்கு வடக்கே ஒரு தபால் நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை அடித்து ஓய்ந்தவர். அவர் என்று மரியாதை கொடுத்தே சொல்கிறேன். வேறு யாரும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

பிரசி என்ற ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் சாலை மேலே திரும்பியது. ஏழு கிலோமீட்டர் ஏற்றம், உச்சியில் மொந்த்ரிவேல் என்ற ஊர், அதோடு சைக்கிள் சங்கம் கொடுத்த அட்டையில் ஊர்கள் முடிந்தன. அட்டை சட்டையின் முதுகுப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, மிதிக்க மிதிக்க இடுப்பில் ஒட்டியும் விலகியும், இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது. கியரைக் குறைத்தார். சங்கிலி ஒரு முறை முனகி அடுத்த பல்லில் உட்கார்ந்தது, அதற்குப் பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை. நல்ல சாலை. பளிங்கு மாதிரி தார் போட்டு, நடுவில் கோடுகூடப் போடாமல், யாரும் வர மாட்டார்கள் என்று வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து எதிரே வந்தது ஒரு டிராக்டர், ஒரு மஞ்சள் தபால் வண்டி, ஒரு நாய். நாய்கூட ஓரமாகத்தான் போயிற்று. ஹாரன் சத்தத்துக்கே பிறந்து வளர்ந்த காதுக்கு முதல் ஒரு மணி நேரம் இது பெரிய சுகம், இரண்டாவது மணி நேரத்தில் காது தானாகவே சத்தம் உண்டாக்கிக்கொள்கிறது, மூன்றாவதில் யாராவது பின்னால் வருகிறார்களோ என்று திரும்பிப் பார்க்க வைக்கிறது. பார்த்தார். யாரும் இல்லை. அறுத்துப் போட்ட புல்லின் வாசனை, வேலி ஓரத்தில் காட்டு ரோஜா, எங்கோ ஒரு குயில் இரண்டே எழுத்தைப் படித்துப் படித்துப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இடது பக்கம் வெள்ளை மாடுகள், நாற்பது இருக்கும், எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன. நாற்பது என்றால் அருளாந்து இருபது என்று எழுதிக்கொள்வார். இருபதாகவே இருக்கட்டும். இருபது மாடு ஒரே சமயத்தில் திரும்பியதை யார் பார்த்தது, அந்த மாடுகளைத் தவிர.

அருளாந்து. கால் இறங்கும்போது அரு, ஏறும்போது ளாந்து. மனைவி மத்லேனின் தம்பி, வரி ஆபீசில் இருந்தவர், எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற மனுஷன். ஊர் சைக்கிள் சங்கத்தில் அட்டை சரிபார்க்கிற வேலை அவருடையது. சங்கத்து வழக்கம் லேசானது: அட்டையில் ஆறு ஊர் அச்சடித்திருக்கும், ஒவ்வொரு ஊரிலும் ஏதாவதொரு கடைக்குள் நுழைந்து, ஊர்ப் பெயர் போட்ட கடை முத்திரையை அட்டையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடை மூடியிருந்தால் ஊர்ப் பலகையில் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்தால் போதும். மற்றவர்களுக்குப் போதும். தைரியநாதனுக்கு அந்தச் சலுகை போன வருஷத்தோடு போயிற்று. போன வருஷம் ஆறு படம் கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பினார். பூசை முடிந்து புதுச்சேரிக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து சாப்பிடுகிற மேசை. ஆறு பலகை, ஆறு ஊர், ஒவ்வொன்றிலும் நீலச் சைக்கிள் மாப்பிள்ளை மாதிரி நின்றது. அருளாந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மச்சான், காலைல ஏழு மணிக்குக் கெளம்பி நாலு மணிக்கு முடிச்சேன்னீங்க." "ஆமா." "ஆறு ஊர்லயும் சைக்கிள் நெழல் ஒரே நீளமா இருக்கே. சூரியன் உங்களுக்காக நின்னுக்கிட்டு இருந்துச்சா." அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருத்தருக்குப் பல் செட்டு கழன்று கறிக்குழம்பில் விழுந்தது. வாடகைக் காரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பலகையையும் முடித்தால் நிழல் எங்கே நீளும். எல்லாவற்றையும் யோசித்தவர் சூரியனை யோசிக்கவில்லை. அப்போதுதான் அருளாந்து அந்த வார்த்தையைச் சொன்னார். "அடுத்த வருஷம் ஆறு முத்திரை கொண்டாங்க. படம் இல்ல, முத்திரை. கொண்டாந்துட்டா நீங்க இதுவரைக்கும் சொன்ன அத்தனையும் நம்புறேன், உங்க சைக்கிளுக்குப் பின்னால காத்துக்கு ஒதுங்கி எட்டு கிலோமீட்டர் ஓடியாந்த காட்டுப்பன்னியையும் சேத்து நம்புறேன். கொண்டாரலைன்னா இந்த மேசையில நீங்க இனிமே கதை சொல்லக் கூடாது. சாப்பிடலாம், உப்பு கேக்கலாம், அவ்வளவுதான்." "எத்தனை நாளைக்கு." "ஆயுசுக்கும்." சரி என்று கையை நீட்டிவிட்டார். கை நீட்டுவது எப்போதுமே அவருக்குச் சுலபம்.

உப்பு கேட்கலாம். நூறு முறை மிதித்தால் முன்னூறு மீட்டர், இல்லை, இந்தச் சின்னக் கியரில் இருநூற்றைம்பது. உப்பு கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லலாமா, அது கதையில் சேருமா. சும்மா உட்கார்ந்து மெல்லுகிற தைரியநாதனை அவர் கற்பனை செய்து பார்த்தார். முகம் தெரியவில்லை, சட்டை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பரவாயில்லை, ஐந்து முத்திரை இருக்கிறது. முதலாவது ராத்திரி தங்கின ஓட்டல். இரண்டாவது பார். மூன்றாவது மெக்கானிக் கடை, முத்திரை பக்கத்தில் மெக்கானிக்கின் கட்டை விரல் ரேகையும் கறுப்பாக விழுந்திருந்தது, அதற்கு அருளாந்தால் என்ன சொல்ல முடியும். நான்காவது மருந்துக்கடை. ஐந்தாவது பிரசியில் மாட்டு டாக்டர். "உங்களுக்கு என்ன உபத்திரவம்" என்று கேட்டுவிட்டு அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துத்தான் முத்திரை அடித்தார். ஆறாவது உச்சியில். மொந்த்ரிவேலில் இருப்பது ஒரே கடை, ரொட்டிக் கடை, அதை வரைபடத்தில் தேடிப் பிடித்து வைத்திருந்தார். போனதும் முதலில் முத்திரை, அப்புறம் வெண்ணெய் ரொட்டி இரண்டு, சூடாக இருந்தால் மூன்று, அதன் மேல்தோல் உதிர்ந்து சட்டையில் விழும், விழட்டும், பிரசியில்கூட ரொட்டி வாங்கலாம் என்று பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது, பகல் பதினோரு மணிக்கு ரொட்டிக் கடைக்காரனுக்கு என்ன தூக்கம், அதற்கு முந்தின ஊரிலும் இறங்கியிருந்தது, அதற்கும் முந்தின ஊரிலும். இந்த இடத்தில் கால் தானாக நின்றது. சைக்கிள் ஒரு கணம் ஆடியது, மறுபடி கால் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை.

நாற்பத்தைந்து வருஷம் இந்த நாட்டில் ரொட்டி வாங்கியிருக்கிறார். கிராமத்து ரொட்டிக் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், அதுவும் மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்து. சனி ஞாயிறு என்றால் வேறு சைக்கிள்காரர்கள் வருவார்கள், பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு, போகிற போக்கில் தைரியம் தாத்தா தைரியம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், செவ்வாய் சந்தை, புதன் பள்ளி இல்லாத பிள்ளைகள், திங்கட்கிழமைதான் ஈ காக்கை இருக்காது. இந்த ஏழு கிலோமீட்டரில் எங்கேயாவது முழங்கால் கைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டி வந்தால் ஒரு கண் பார்க்காது. அதற்காகத்தான் திங்கட்கிழமை. தள்ளுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நாள் பார்த்தவருக்கு ஏறுவதையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றவில்லை. நாலு கிலோமீட்டர் பாக்கி. மேலே கடை இல்லை, முத்திரை இல்லை. இங்கேயே திரும்பினால் பிரசி வரைக்கும் மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக உருளும். அங்கே மாட்டு டாக்டர் இருக்கிறார், அவர் நல்ல மனுஷன், இன்னொரு தரம் அடியுங்கள் என்றால் அடிப்பார், ஆனால் பிரசி என்றுதான் விழும். இறங்கினால் யாருக்குத் தெரியும். இறங்காவிட்டால் யாருக்குத் தெரியும். கால் இரண்டும் இந்த இரண்டு கேள்வியையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தன, இடது கேட்க வலது கேட்க, இறங்கினால், இறங்காவிட்டால், இறங்கினால், இறங்காவிட்டால், இப்படியே ஒரு பீச் மரக்காடு வந்தது.

காட்டுக்குள் குளிர்ந்தது. வியர்வை கழுத்தில் நின்றது. இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் எப்போது கண்டுபிடிப்பார்கள். நாளைக்குத் தபால் வண்டி வரும். தபால்காரன் அட்டையை எடுத்துப் பார்த்து ஐந்துதான் இருக்கிறது என்பான். நெஞ்சு நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது, சொல்லப்போனால் இருபது வயசுக்காரனுக்கு அடிப்பதுபோல, அதுதான் சந்தேகமாக இருந்தது. இடது முழங்கால் டிக் என்றது. சுற்றுக்கு ஒரு டிக். அந்த முழங்காலின் கதையும் இதே கதைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து எழுந்து வந்து, "மத்லேன், முட்டி ஒடஞ்சுபோச்சு" என்றார். "சரி, சாப்பிட வாங்க" என்றாள். மூன்று நாள் விரிசல் விட்ட எலும்போடு நடந்தார், மார்க்கெட்டுக்குப் போனார், கோவிலில் மண்டியிட்டார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு மத்லேனைத்தான் திட்டினார். வெளியே வந்து அவள் சொன்னாள்: "அழுதுக்கிட்டுச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க." என்ன செய்வது, படியில் உருண்டபோது நாலாவது படியிலேயே அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார், ஏழாவது படியில் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றுக் காலையிலும் ரயிலடியில் அவள் கருவாட்டுத் தொக்கு தடவின ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏற முடியலைன்னா எறங்கிடுங்க. என்கிட்ட வந்து ஏறிட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு அதைக் கேக்க முடியாது" என்றாள். கேட்க முடியாது. கேட்டால் நம்ப வேண்டும், இல்லை நம்பாமல் இருக்க வேண்டும், நாற்பது வருஷமாக இரண்டில் ஒன்றைத் தினமும் செய்து களைத்துவிட்டாள் போலிருக்கிறது.

காடு முடிந்த இடத்தில் சாலை இன்னும் நிமிர்ந்தது. இதற்கு மேல் கியர் இல்லை. நின்றுகொண்டு மிதித்தார். முன் சக்கரம் வலதும் இடதுமாக அலைந்தது, யாரும் வராத சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டார், அதற்கு அவருக்கு ஒரு ராஜாவின் உரிமை இருந்தது. இறங்கு என்றது வலது முழங்கால், அதாவது சொந்த முழங்கால். கடையில் வாங்கின முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை, டிக் என்றது. ஏன் இறங்கவில்லை? பொய் சொல்ல ஆளில்லாத இடத்தில் பொய் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேட்க ஒருத்தன் வேண்டும், வாயைப் பிளந்துகொண்டு, இல்லை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. இங்கே மாடுதான் இருந்தது. மாட்டிடம் போய் ஏறினேன் என்று சொல்ல முடியுமா, அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. அட்டை இடுப்பில் ஒட்டியது, விலகியது. ஊர்ப் பலகை தெரிந்தது. மொந்த்ரிவேல். கால் தரையில் படவில்லை, ஏழு கிலோமீட்டரில் ஒரு தரம்கூடப் படவில்லை, என் வலது முழங்கால் மேல் ஆணை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஒரு தேவாலயம், போரில் செத்தவர்களின் பெயர் வெட்டின கல், பதினெட்டு வீடு. ரொட்டிக் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஊராட்சிக் கதவில் வியாழக்கிழமை மட்டும் என்று ஒட்டியிருந்தது. தைரியநாதன் கல்லின் படியில் உட்கார்ந்து கருவாட்டு ரொட்டியைப் பிரித்தார். வாசனை போய் ஊரை எழுப்பியிருக்க வேண்டும், எதிர் வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண்மணி, ரப்பர் செருப்பு போட்டு, எழுபது வயசுக்கு மேல், மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "என்ன செத்துப் போச்சு?" அவள் கேட்டது பிரெஞ்சில், அர்த்தம் இதுதான். "மீன், மதாம். ரொம்ப நாள் முன்னாடி." எங்கிருந்து வருகிறார் என்று கேட்டாள். பிரசியிலிருந்து, மிதித்து, என்றார். "அந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், சிவந்து போய் உப்புப் பூத்துக் கிடந்த முகத்தை. "ஆமா, தெரியுது" என்றாள். தெரியுது. ஒரே ஒரு வார்த்தை. கேட்டதும் ரொட்டியைப் படியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அட்டையை எடுத்துக் காட்டி, முத்திரை என்று ஏதாவது இருக்கிறதா இந்த ஊரில், யாரிடமாவது, என்று கேட்டார். மதாம் கோலாஸ், அதுதான் அவள் பெயர், கொஞ்சம் யோசித்தாள். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா அது முட்டைக்கு அடிக்கிறது."

கோழிப்பண்ணை வைத்திருப்பவள். சந்தைக்குக் கொண்டுபோகிற முட்டைக்கெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணும் தேதியும் அடிப்பாள். உள்ளே போய் ரப்பர் முத்திரையையும் சிவப்பு மைப்பெட்டியையும் கொண்டுவந்து, அட்டையை முழங்கால் மேல் வைத்து, முட்டை உடையாமல் அடித்துப் பழகின கை ஆதலால், பூ வைக்கிற மாதிரி வைத்து எடுத்தாள். முப்பது வருஷம் முத்திரை அடித்தவர் பார்த்துச் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமாக விழுந்த முத்திரையை அவர் கண்டதில்லை. மேல் வரியில் பண்ணையின் எண், திறந்த வெளியில் மேய்ந்த கோழி என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒன்று என்ற இலக்கம். கீழ் வரியில் தேதி: ஜூலை எட்டு. அவர் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "இன்னைக்கு ஜூன் பத்து." "இன்னைக்கு இட்ட முட்டை அதுவரைக்கும் கெடாது" என்றாள் மதாம் கோலாஸ். "வேணும்னா முத்திரையில தேதிச் சக்கரத்தைத் திருப்பி இன்னைக்குத் தேதி வச்சு இன்னொண்ணு அடிச்சுத் தர்றேன், பக்கத்துல ஊர்ப் பேரையும் கையால எழுதித் தர்றேன், முசியே." தைரியநாதன் வாயைத் திறந்தார். சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு. அருளாந்து முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஒப்புக்கொண்டிருப்பார், பன்றியையும் நம்பியிருப்பார், மேசை இவருடையது. ஆனால் சிவப்பு மை காய்ந்துகொண்டிருந்தது, ஜூலை எட்டு என்று பளிச்சென்று இருந்தது, இவருடைய நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இதுவரை எந்த டாக்டரும் தேதி போட்டு உத்தரவாதம் தந்ததில்லை, ஏழாவது படியில் வந்த அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு இங்கேயும் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல கதையை யார் திருத்துவார்கள். "வேண்டாம் மதாம், இப்படியே இருக்கட்டும்" என்றார். அவள் ஆறு முட்டை கொடுத்தாள். இறக்கத்தில் இரண்டு உடைந்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, ஆம்லெட் சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொண்டார். என்கிட்ட சொல்லாதீங்க என்றவளிடம் என்ன சொல்வது. மத்லேன் விளக்கை அணைக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எண்ணெய் கொண்டுவந்து வலது முழங்காலில் தேய்த்தாள். "பேச்சே காணோமே. அப்ப நெசமாவே ஏறிட்டீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் அட்டை கை மாறிக் கை மாறி அருளாந்திடம் போயிற்று. முதலில் பின்பக்கம் பார்த்தார், அப்புறம் முன்பக்கம், கண்ணாடியைத் துடைத்தார். "மச்சான், போன வருஷம் சூரியனை நிறுத்துனீங்க, இந்த வருஷம் இன்னும் வராத தேதியில மலை ஏறிட்டு வந்திருக்கீங்க. அதுவும் கோழி கையெழுத்தோட." எட்டுப் பேரும் சிரித்தார்கள். தைரியநாதன் உப்பு கேட்டார். சொன்ன வாக்குக்கு மரியாதை வேண்டும் இல்லையா, அன்றிலிருந்து அந்த மேசையில் அவர் வாயிலிருந்து ஒரு கதை வந்ததில்லை, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். அருளாந்துதான் பாவம், இப்போதெல்லாம் சாப்பாடு இறங்காமல், "என்ன மச்சான், ஏதாவது சொல்லுங்க" என்று பார்க்கிறார். ஆனால் ஒன்று, பேச்சு என்னவென்றால் அந்த மேசையில் தைரியநாதன் கதை சொல்லக் கூடாது என்பதுதான். வேறு இடத்தில், வேறு யாரோ, தைரியநாதன் என்று ஒருவர் இருந்தார் என்று ஆரம்பித்தால் அதில் யாருக்கு என்ன. அதனால் இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள், ஒரு எழுத்தையும் குறைக்காமல் சொல்லுங்கள், மாடு நாற்பது என்றே சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தெரிந்துவிட்டால் பிறகு ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.